பிரெக்ஸிட்டுக்குப் பிறகு பிரிட்டன் விசா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகியதால் நமக்கு லாபமா நட்டமா என்று இன்னமும் யாராவது கேட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். டென்மார்க் பாஸ்போர்ட் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஒரு பதில், கோயம்புத்தூரில் நர்ஸாக இருப்பவருக்கு இன்னொரு பதில். அதனால் வழக்கமாக வரும் கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். 2026 தொடக்கத்தில் இருந்த விதிகளை வைத்து எழுதியது. அங்கே விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பணம் கட்டும் முன் பிரிட்டிஷ் அரசின் இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பிரெக்ஸிட்டால் குடியேற்ற விதியில் அப்படி என்னதான் மாறியது?

2016 ஜூன் 23 அன்று நடந்த வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் வெளியேறலாம் என்றார்கள். பிரிட்டன் முறைப்படி விலகியது 2020 ஜனவரி 31. ஆனால் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை இடைக்காலம் என்பதால் பழைய விதிகளே ஓடின.

அதுவரை ஒரு போலந்துக்காரர் இன்று விமானம் ஏறி, நாளை லண்டனில் வேலை தேடலாம். விசா இல்லை, கட்டணம் இல்லை, ஆங்கிலத் தேர்வு இல்லை, எந்த முதலாளியும் கடிதம் தர வேண்டாம். வேலை பிடிக்கவில்லையா, மறுநாளே வேறு வேலைக்குப் போகலாம். இந்தியர்களுக்கும் இலங்கையர்களுக்கும் அந்தச் சலுகை ஒருநாளும் இருந்ததில்லை. 2021 ஜனவரி 1 முதல் இரு தரப்பும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும் என்று ஆனது. பெரிய மாற்றம் இதுதான். மற்றதெல்லாம் அந்த வரிசையை எப்படி நகர்த்துவது என்பதில் வந்த மாற்றங்கள்.

அயர்லாந்துக்காரர்களுக்கும் இதேதானா?

இல்லை. 1920களிலிருந்தே இரு நாடுகளுக்கும் தனி ஏற்பாடு உண்டு, அது அப்படியே தொடர்கிறது. ஐரிஷ் குடிமக்கள் விசா இல்லாமல் பிரிட்டனில் வாழலாம், வேலை செய்யலாம்.

ஏற்கெனவே அங்கே குடியிருந்த ஐரோப்பியர்களின் கதி என்ன?

அவர்களுக்காக 'செட்டில்மென்ட் ஸ்கீம்' என்று ஒன்று வந்தது. 2019 மார்ச் 30 அன்று முழுமையாகத் திறந்தார்கள். கடைசித் தேதி 2021 ஜூன் 30. ஐந்து ஆண்டு தொடர்ந்து வசித்தவருக்கு 'செட்டில்ட் ஸ்டேட்டஸ்', அதாவது நிரந்தர வசிப்புரிமை. ஐந்து ஆண்டு நிறையாதவருக்கு 'ப்ரீ-செட்டில்ட்'. முதலில் 65 பவுண்ட் கட்டணம் என்றார்கள், எதிர்ப்பு கிளம்பியதும் அதை விட்டுவிட்டார்கள்.

விண்ணப்பம் பெரும்பாலும் போனிலேயே முடிந்தது. பாஸ்போர்ட்டில் உள்ள சிப்பின் மேல் போனை வைத்தால் ஆப் படித்துக்கொள்ளும், பிறகு முகத்தைப் படம் எடுக்க வேண்டும். ஆரம்பத்தில் அந்த ஆப் ஆண்ட்ராய்டில் மட்டும்தான் வேலை செய்தது. ஐபோன் வைத்திருந்தவர்கள் 2019 அக்டோபர் வரை அடுத்தவர் போனைக் கடன் வாங்கித்தான் விண்ணப்பித்தார்கள். வரிப் பதிவேட்டில் பெயர் இருந்தால் ஐந்து ஆண்டு வசிப்பு தானாகவே உறுதியாகிவிடும். கைக்காசு வாங்கி வேலை செய்தவர்களும், வீட்டோடு இருந்த பெண்களும் பழைய வாடகைச் சீட்டையும் பள்ளிக் கடிதத்தையும் தேடி அலைந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 35 லட்சம் முதல் 41 லட்சம் பேர் வரை விண்ணப்பிப்பார்கள் என்பது உள்துறையின் கணக்கு. கடைசித் தேதிக்குள் வந்ததோ 60 லட்சத்துக்கும் மேல். சிலர் இரண்டு தடவை விண்ணப்பித்திருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், தன் நாட்டில் எத்தனை ஐரோப்பியர்கள் இருக்கிறார்கள் என்பதே அரசுக்குத் தெரியாமல்தான் அத்தனை வருஷ விவாதமும் நடந்திருக்கிறது.

என் அண்ணனிடம் டென்மார்க் பாஸ்போர்ட் இருக்கிறது, லண்டன் ஹாரோவில் குடும்பத்தோடு இருக்கிறார். இந்த விதி அவருக்கும் பொருந்துமா?

பொருந்தும். பிரெக்ஸிட் தமிழர்களை நேரடியாகத் தொட்ட இடம் இதுதான், இதைப் பற்றி அதிகம் எழுதப்பட்டதில்லை.

போர்க்காலத்தில் இலங்கையிலிருந்து புறப்பட்டவர்கள் எல்லாரும் நினைத்த நாட்டில் போய் இறங்கவில்லை. டென்மார்க், நெதர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ், நார்வே, சுவிட்சர்லாந்து என்று எங்கே அகதி அந்தஸ்து கிடைத்ததோ அங்கே தங்கினார்கள். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த நாட்டுக் குடியுரிமை கிடைத்ததும், பலர் பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காகவும் சொந்தபந்தத்துக்காகவும் கோயில், கடை, தமிழ்ப் பள்ளிக்கூடம் இருக்கிற இடம் என்பதற்காகவும் லண்டனுக்கு மாறினார்கள். ஹாரோவிலும் வெம்பிளியிலும் ஈஸ்ட் ஹாமிலும் டச்சு பேசும், ஜெர்மன் பேசும் தமிழ்ப் பிள்ளைகள் இருப்பது இப்படித்தான். அவர்களை லண்டனுக்குக் கொண்டுவந்தது ஐரோப்பியச் சுதந்திர நடமாட்டம். நார்வேயும் சுவிட்சர்லாந்தும் ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் அந்த உரிமையில் பங்கு இருந்தது, செட்டில்மென்ட் ஸ்கீமிலும் இடம் கிடைத்தது.

2020 டிசம்பர் 31க்குள் பிரிட்டனில் குடியிருந்து, உங்கள் அண்ணன் விண்ணப்பித்திருந்தால் பிரச்சினை இல்லை. இன்னும் டென்மார்க்கிலேயே இருக்கும் உங்கள் மச்சான் இனிமேல் வரலாம் என்று நினைத்தால், கோயம்புத்தூர்க்காரருக்கு என்ன விதியோ அதேதான் அவருக்கும்.

அம்மா யாழ்ப்பாணத்தில் தனியாக இருக்கிறார். அண்ணன் அவரைக் கூப்பிட முடியுமா?

வழி இருக்கிறது. பலருக்குத் தெரியாமலே போகிறது. உறவு 2020 முடிவதற்கு முன்பே இருந்ததாக இருந்தால், நெருங்கிய குடும்பத்தினர் இந்த ஸ்கீமின் கீழ் இன்னும் வரலாம். பெற்ற தாய் என்றால் உறவு எப்போது தொடங்கியது என்று யாரும் கேட்கப் போவதில்லை. அவர் மகனை நம்பித்தான் வாழ்கிறார் என்பதைக் காட்ட வேண்டும். மாதாமாதம் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு, மருத்துவச் செலவு ரசீது போன்றவற்றை எடுத்து வையுங்கள். விண்ணப்பக் கட்டணம் கிடையாது.

கணவன் மனைவி விஷயம் வேறு. 2020 முடிந்த பிறகு பழகித் திருமணம் செய்தவர்கள் இந்த வழியில் வர முடியாது. சாதாரணத் துணை விசாதான்.

ப்ரீ-செட்டில்ட் ஐந்து வருஷத்தில் காலாவதி ஆகிவிடுமா?

அரசு முதலில் அப்படித்தான் வைத்திருந்தது. ஐந்து ஆண்டுக்குள் மறுபடி விண்ணப்பிக்காவிட்டால் உரிமை தானாகப் போய்விடும். அது விலகல் ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது குடிமக்கள் உரிமையைக் கண்காணிக்க அந்த ஒப்பந்தத்தின்படியே அமைக்கப்பட்ட ஆணையம். அதன் பிறகு காலாவதித் தேதியை அரசே தானாக நீட்டிக்கிறது.

நீட்டிக்கிறார்களே என்று அப்படியே விட்டுவிட வேண்டாம். தகுதி வந்ததும் செட்டில்டுக்கு மாறிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். 2025 ஜூலையிலிருந்து கடைசி 60 மாதத்தில் மொத்தம் 30 மாதம் பிரிட்டனில் இருந்ததைக் காட்டினாலே போதும். நடுவில் அம்மாவைப் பார்க்க ஊருக்கு வந்து நீண்ட நாள் தங்கிவிட்டவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

கையில் கார்டு எதுவும் தரவில்லையே, வீட்டுக்காரருக்கு எதைக் காட்டுவது?

ஷேர் கோடு. இணையதளத்தில் நுழைந்து பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் போட்டால் போனுக்கு ஆறு இலக்க எண் வரும். அதைப் போட்டதும் எதற்காக என்று கேட்கும். வேலைக்கு என்றால் W என்ற எழுத்தில் தொடங்கும் ஒன்பது எழுத்துக் கோடு, வாடகை வீட்டுக்கு என்றால் R என்று தொடங்கும் கோடு. 90 நாள் செல்லும். வீட்டுக்காரர் அந்த ஷேர் கோடையும் உங்கள் பிறந்த தேதியையும் அடித்தால் உங்கள் படத்தோடு விவரம் வரும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பழைய போன் எண்ணைத் தொலைத்தவருக்கும், பாஸ்போர்ட் புதுப்பித்ததைப் பதிவு செய்ய மறந்தவருக்கும் விமான நிலையக் கவுன்டரில்தான் சிக்கல் தெரியவரும். ஐரோப்பியர்களிடம் முதலில் ஓட்டிப் பார்த்த இந்த முறைதான் இப்போது எல்லாருக்கும். மற்ற நாட்டவர்கள் வைத்திருந்த, 2024 டிசம்பர் 31 என்று தேதி போட்ட பிளாஸ்டிக் கார்டுகள் போய், இ-விசா வந்துவிட்டது. பாஸ்போர்ட் மாறினால் அன்றே கணக்கில் ஏற்றிவிடுங்கள்.

பாயின்ட் முறை என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது?

மொத்தம் 70 பாயின்ட் வேண்டும். உரிமம் பெற்ற முதலாளியிடம் வேலை 20, தகுந்த தரத்தில் உள்ள வேலை 20, ஆங்கிலம் 10. இந்த 50ம் கட்டாயம். மீதி 20 பெரும்பாலும் சம்பளத்தால் வரும். பாயின்ட் என்ற சொல்லைக் கேட்டு ஆஸ்திரேலியா மாதிரி, வேலை இல்லாமலே தகுதியை வைத்துப் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். பிரிட்டனில் முதலாளி இல்லாமல் கணக்கே தொடங்காது.

முறை தொடங்கியபோது பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 25,600 பவுண்ட். அதற்கு முன் 30,000. பட்டப்படிப்புத் தர வேலை வேண்டும் என்பதையும் பிளஸ் டூ அளவுக்கு இறக்கினார்கள். உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று விளம்பரம் போட்டு நிரூபிக்கும் விதியை எடுத்தார்கள், ஆண்டுக்கு 20,700 என்ற உச்சவரம்பையும் நிறுத்தினார்கள். ஐரோப்பியர்களுக்குக் கதவை மூடிய அதே கையால் மற்றவர்களுக்குத் தாழ்ப்பாளைத் தளர்த்தினார்கள். அதன் விளைவு அடுத்த கேள்வியில்.

அப்புறம் திரும்ப இறுக்கம். 2024 ஏப்ரலில் வரம்பு 38,700. 2025 ஜூலை 22 முதல் 41,700, வேலையும் மறுபடி பட்டப்படிப்புத் தரம். புதிதாக வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு 33,400, மருத்துவத் துறைக்குத் தனிக் கணக்கு. 2026 ஜனவரியிலிருந்து ஆங்கிலத் தேர்விலும் முன்பைவிடக் கடினமான பி2 நிலை.

சமையல்காரர்களைக் கவனியுங்கள். 2016 பிரசாரத்தில் அன்றைய அமைச்சர் ப்ரீத்தி படேல், ஐரோப்பாவை விட்டு வெளியே வந்தால் தெற்காசியாவிலிருந்து சமையல்காரர்களைக் கொண்டுவரலாம் என்று கறி உணவகக்காரர்களிடம் சொன்னார். 2021ல், அவரே உள்துறை அமைச்சராக இருந்தபோது, அந்தக் கதவு கொஞ்சம் திறக்கத்தான் செய்தது. சம்பள வரம்பு ஏறியதும் சின்ன உணவகங்களுக்கு எட்டாமல் போனது. 2025 ஜூலையோடு புதிதாக ஒரு தோசை மாஸ்டரை இந்த விசாவில் கொண்டுவரும் வழியே அடைபட்டது.

குடியேற்றத்தைக் குறைக்கத்தானே வெளியேறினார்கள், குறைந்ததா?

முதலில் கூடியது, அதுவும் வரலாறு காணாத அளவுக்கு. வந்தவர்களிலிருந்து போனவர்களைக் கழித்தால் வரும் நிகர எண்ணிக்கை, 2023ல் முடிந்த ஓராண்டுக் கணக்கில் 9 லட்சத்தைத் தாண்டியது. வாக்கெடுப்பு நடந்தபோது இதில் பாதிகூட இல்லை. உக்ரைன் போர் அகதிகளும் ஹாங்காங்காரர்களுக்கென்று 2021ல் தொடங்கிய விசாவும் ஒரு பகுதி. பெரும்பகுதி மாணவர்களும் பராமரிப்புப் பணியாளர்களும் அவர்கள் குடும்பங்களும்தான். ஐரோப்பியர்களைப் பார்த்தால் வருகிறவர்களைவிடப் போகிறவர்கள் அதிகம். இந்தியா, நைஜீரியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள் அந்த இடத்தை நிரப்பி, அதற்கு மேலும் வந்தார்கள்.

பிறகு இறுக்கியதன் பலனாக 2025 ஜூனில் முடிந்த ஆண்டில் ஏறத்தாழ 2 லட்சத்துக்கு இறங்கியது. கட்டுப்பாடு தங்கள் கைக்கு வந்தது என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை என்பது என் கருத்து. கைக்கு வந்த கட்டுப்பாட்டை வைத்து என்ன செய்வது என்பதில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அதன் விலையை நடுவில் விண்ணப்பித்தவர்கள் கொடுத்தார்கள்.

கேர் விசா இன்னும் இருக்கிறதா? ஏஜென்ட் ஒருவர் 15 லட்சம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். முதியோர் இல்லம், வீட்டுப் பராமரிப்பு ஆகிய வேலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை 2025 ஜூலை 22 அன்று மூடிவிட்டார்கள். இன்றைக்கு அந்த விசாவைக் காட்டிப் பணம் கேட்பவர் உங்களை ஏமாற்றுகிறார்.

நடந்த கதை இது. 2021ல் பராமரிப்பு இல்லங்களுக்கு ஆள் கிடைக்கவில்லை. முன்பு வந்துபோன ஐரோப்பியர்கள் இல்லை, உள்ளூர்க்காரர்கள் அந்தச் சம்பளத்துக்கு வரவில்லை. 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களை விசாப் பட்டியலில் சேர்த்தார்கள். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஏஜென்ட்டுகள் முளைத்தார்கள். வேலை தரும் நிறுவனம் விசாவுக்காகக் கொடுக்கும் ஸ்பான்சர் சான்றிதழை, சட்டப்படி வேலைக்கு வருகிறவரிடம் விற்கக் கூடாது. விற்றார்கள். 2023 செப்டம்பரில் முடிந்த ஆண்டில் ஏறத்தாழ 1 லட்சம் பராமரிப்புப் பணியாளர்களோடு 1.2 லட்சம் குடும்பத்தினர் வந்தார்கள் என்று அரசு கணக்குச் சொல்லி, 2024 மார்ச் 11 முதல் குடும்பத்தை அழைத்துவரத் தடை போட்டது.

அதைவிடக் கொடுமை, வந்து இறங்கிய பிறகு வேலையே இல்லாமல் போனவர்கள் நிலை. 2022 ஜூலைக்கும் 2024 டிசம்பருக்கும் இடையில் இந்தத் துறையில் 470க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் ஸ்பான்சர் உரிமத்தை அரசு ரத்து செய்தது. அந்த நிறுவனங்களோடு தொடர்புடைய பணியாளர்கள் 39,000 பேருக்கும் மேல். தப்பு செய்தது நிறுவனம், ஆனால் 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சரைத் தேட வேண்டியவர் நிலத்தை விற்றுப் போன பெண். போலந்துக்காரர் பிடிக்காத முதலாளியை விட்டுப் போக முடிந்தது, இவரால் முடியாது. பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பழம் பறிக்க, லாரி ஓட்ட யார் வருகிறார்கள்?

பழம் பறிக்க ஆறு மாதப் பருவ விசா உண்டு. 2019ல் 2,500 இடத்தோடு பரிசோதனையாகத் தொடங்கியது, 2021ல் 30,000 ஆனது. முன்பு ருமேனியா, பல்கேரியாவிலிருந்து வந்தவர்களின் இடத்தில் இப்போது கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான், உஸ்பெகிஸ்தானிலிருந்து வருகிறார்கள். லாரி கதை வேறு. 2021 செப்டம்பரில் டிரைவர்கள் இல்லாமல் பெட்ரோல் பங்குகள் வறண்டு, வண்டிகள் தெருமுனை வரை வரிசை கட்டின. அவசரமாக 5,000 தற்காலிக விசா அறிவித்தார்கள். சில மாதத்துக்காக மூட்டை கட்டிக்கொண்டு வரப் பெரிதாக யாரும் ஆர்வம் காட்டவில்லை.

படிக்கப் போகிறவர்களுக்கு?

ஐரோப்பிய மாணவர்கள் 2021 இலையுதிர்காலம் முதல் நம்மைப் போலவே வெளிநாட்டுக் கட்டணம் கட்டுகிறார்கள். அந்த ஆண்டு இளங்கலைப் படிப்பில் சேர்ந்த ஐரோப்பியர்கள் பாதியாகக் குறைந்தார்கள். நம்மவர்களுக்கு 2021 ஜூலையில் படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு தங்கும் விசா திரும்ப வந்தது. 2024 ஜனவரியிலிருந்து ஆராய்ச்சிப் படிப்பு தவிர மற்றவற்றுக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்ல முடியாது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டு 18 மாதமாகும், பிஎச்டி முடித்தவர்களுக்கு மட்டும் மூன்று ஆண்டு தொடரும். கடன் வாங்கிப் போகிறவர்கள் வட்டிக் கணக்கை 18 மாதத்துக்கே போட்டுப் பாருங்கள்.

பிரிட்டிஷ் குடிமகனைத் திருமணம் செய்தால்?

அழைப்பவருக்கு ஆண்டு வருமானம் 29,000 பவுண்ட் வேண்டும். 2024 ஏப்ரலுக்கு முன் 18,600. பிரெக்ஸிட்டுக்கு முன் பிரெஞ்சு மனைவிக்கு இந்த வரம்பு கிடையாது, இப்போது அவருக்கும் உண்டு. இதோடு மருத்துவச் சேவைக்கான கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்ட். விசா எத்தனை ஆண்டோ அத்தனைக்கும் முன்கூட்டியே மொத்தமாகக் கட்ட வேண்டும்.

சுற்றிப் பார்க்கப் போகிற ஐரோப்பியர்களுக்கு விசா வேண்டுமா?

வேண்டாம், ஆறு மாதம் வரை இருக்கலாம். அடையாள அட்டையைக் காட்டி நுழைவது 2021 அக்டோபரோடு பெரும்பாலானவர்களுக்கு முடிந்தது. 2025 ஏப்ரல் முதல் ஆன்லைனில் முன் அனுமதி எடுக்க வேண்டும். இந்தப் பக்கம், பிரிட்டிஷ் பாஸ்போர்ட்காரர்கள் ஐரோப்பாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான் தங்க முடியும். ஸ்பெயினில் வீடு வாங்கி வைத்திருந்த ஓய்வூதியக்காரர்கள் நாட்காட்டியைப் பார்த்து நாளை எண்ணுகிறார்கள்.

படகில் வருகிறவர்களுக்கும் பிரெக்ஸிட்டுக்கும் தொடர்பு உண்டா?

ஓரளவு. அகதிக் கோரிக்கையை முதலில் நுழைந்த ஐரோப்பிய நாட்டுக்குத் திருப்பி அனுப்பலாம் என்ற டப்ளின் ஒழுங்குமுறை 2020 முடிவோடு பிரிட்டனுக்குப் பொருந்தாமல் போனது. ஆனால் அது இருந்தபோதும் ஆண்டுக்குச் சில நூறு பேரைத்தான் அனுப்ப முடிந்தது. எனவே எல்லாப் பழியையும் அதன் மேல் போடுவது சரியில்லை. 2018ல் 299 பேர் படகில் வந்தார்கள், 2022ல் 45,000க்கும் மேல். 2025ல் பிரான்ஸோடு, ஒருவரைத் திருப்பி அனுப்பினால் இன்னொருவரை ஏற்பது என்று தனி ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

இந்தியர்களுக்கென்று தனியாக ஏதாவது கிடைத்ததா?

ஒன்று உண்டு. 18 முதல் 30 வயதுக்குட்பட்ட பட்டதாரிகளுக்கு ஆண்டுக்கு 3,000 விசா, இரண்டு ஆண்டு தங்கலாம், ஸ்பான்சர் வேண்டாம். குலுக்கலில் பெயர் விழ வேண்டும். குலுக்கலில் சேரக் கட்டணம் இல்லை. 'பெயர் போட்டுத் தருகிறேன்' என்று காசு கேட்கிறவரிடம் போக வேண்டிய அவசியமில்லை.

யாரிடம் ஆலோசனை கேட்பது?

பிரிட்டனில் காசு வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பதிவு பெறாதவர் குடியேற்ற ஆலோசனை சொல்லும் தொழில் நடத்துவது குற்றம். வழக்கறிஞராக இருக்க வேண்டும், அல்லது குடியேற்ற ஆலோசனை ஆணையத்தின் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். கோயில் வாசலில் துண்டுச் சீட்டு கொடுப்பவர் பெயரையும் அதில் தேடிப் பாருங்கள்.

பழையபடி சுதந்திர நடமாட்டம் திரும்ப வருமா?

இப்போதைக்கு இல்லை. தொழிற்கட்சி அரசும் அதைத் தெளிவாக மறுத்திருக்கிறது. 2025 மே மாதம் லண்டனில் நடந்த உச்சி மாநாட்டில் இளைஞர்களுக்கு மட்டும், எண்ணிக்கைக்கு வரம்பு வைத்து, குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு திட்டம் போடலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. மாணவர் பரிமாற்றத்துக்கான எராஸ்மஸ் திட்டத்தில் பிரிட்டன் 2027ல் மறுபடி சேர்கிறது. இந்த இரண்டும் ஐரோப்பிய ஒன்றியத்தோடு செய்த ஏற்பாடுகள் என்பதால், டென்மார்க்கில் இருக்கும் மச்சானின் பிள்ளைகளுக்கு வேண்டுமானால் பயன்படலாம், மச்சானுக்குப் பயன்படாது.